எத்தனை படி அரிசி என்பதை யார் முடிவு செய்வது

கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பொறுப்பு என்றால் என்னவென்று யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மா காலையில் மஸ்டர் எனப்படும் தோட்டத்து வருகைப் பதிவுக்குப் புறப்பட்டுப் போன பிறகு தம்பியை எழுப்பித் தயார் செய்வது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடங்களை நிறைத்து வைப்பது, இவ்வளவையும் முடித்துப் பள்ளி ஜீப்பைத் தவறவிடாமல் ஓடிப் பிடிப்பது என எல்லாம் அவள் தலையில்தான் விடிகின்றன. ஆனால் அந்த வீட்டில் கையிலிருக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது, ஊர்த் திருவிழாவுக்குப் போவதா வேண்டாமா, பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் எங்கே படிப்பது என்ற பேச்சு எழும்போது அவளைக் கூப்பிட்டு யாரும் கேட்பதில்லை. உழைப்பு அவளுடையது, முடிவு பிறருடையது. இந்த நிலையைக் கொஞ்சமாவது மாற்றுவதற்குப் பள்ளிக்குள் இருக்கும் வழிகளில் நான் மிகவும் நம்புவது சாரணியர் இயக்கத்தை. அதிலும் குறிப்பாக, அதன் அடித்தளமாக இருக்கும் அணி முறையை.

நான் இந்த மலையில் தமிழ்வழிப் பிரிவு உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியை. எங்கள் சாரணியர் யூனிட்டை வழிநடத்தும் கைடு கேப்டனாகவும் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுடைய தாத்தா பாட்டிகளில் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து எடுக்க மலையேறி வந்தவர்கள். வீட்டிலும் வகுப்பிலும் தமிழ், மாவட்ட முகாமில் தேர்வாளர் கேட்கும் கேள்வி மலையாளத்தில், அணிவகுப்புக் கட்டளை ஆங்கிலத்தில், இறைவணக்கப் பாடலும் கொடிப் பாடலும் இந்தியில் என்று நான்கு மொழிகளுக்கு நடுவே எங்கள் யூனிட் இயங்குகிறது. இந்திப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு, பொருளையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு பாடும் பிள்ளைகள் இவர்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியைகள் என்னிடம் வந்து, ஆண்டு முழுவதும் என்னென்ன நடத்த வேண்டும், எந்தச் சாரணியர் தேர்வுக்குக் கிரேஸ் மார்க் எனப்படும் கூடுதல் மதிப்பெண் உண்டு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நிகழ்ச்சிகளின் பட்டியலைத் தருவது எளிது. அந்த நிகழ்ச்சிகளை யார் கையில் கொடுப்பது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இயக்கத்தின் தொடக்கமே இதற்குத் துணை நிற்கிறது. 1907 இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாம் சிறுவர்களுக்கானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1909 செப்டம்பரில், லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர்கள் திரண்டபோது, அழைப்பு எதுவும் இல்லாமல் சில சிறுமிகளும் தாங்களே சீருடை போலத் தைத்து உடுத்திக்கொண்டு வந்து நின்று, எங்களுக்கும் இது வேண்டும் என்று கேட்டார்கள். 1910 இல் பெண்களுக்கான அமைப்பு தனியே உருவாகி, அதன் பொறுப்பைப் பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் ஏற்றார். அடுத்த ஆண்டே, 1911 இல், அது இந்தியாவில் ஜபல்பூருக்கு வந்துவிட்டது. நாடு விடுதலை அடைந்த பிறகு, வெவ்வேறாக இருந்த சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று பாரத் சாரணர் சாரணியர் இயக்கமாக இணைந்தன. பெண்கள் சங்கம் 1951 ஆகஸ்ட் 15 அன்று அதனுடன் சேர்ந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது, ஆண்டுகளை அவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அழைப்பில்லாமல் போய் நின்ற அந்தச் சிறுமிகளைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் வயது என்ன, வீட்டில் திட்டினார்களா, துணி யார் வாங்கித் தந்தது என்று நீளும் கேள்விகளில் அவர்கள் வீட்டு நிலையும் சேர்ந்தே தெரியும்.

அணி முறை என்பது கேட்பதற்கு எளிமையானது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி. அதற்கு ஒரு தலைவி, அவளுக்கு ஒரு துணைத் தலைவி, ஒரு கொடி, ஒரு குறிப்பேடு, வகுப்பறையிலோ வராந்தாவிலோ அவர்களுக்கென்று ஒரு மூலை. எங்கள் அணிகளுக்குத் தாமரை, மல்லிகை, முல்லை, குறிஞ்சி என்று பூக்களின் பெயர்கள். அணியில் இருக்கும் அனைவரும் கூடிப் பேசுவது ஒரு கூட்டம். அணித்தலைவியர் மட்டும் கேப்டனுடன் கூடி யூனிட் முழுவதற்குமான திட்டத்தையும் ஒழுங்கையும் கணக்கையும் முடிவு செய்வது கோர்ட் ஆஃப் ஹானர் எனப்படும் இன்னொரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் கேப்டன் ஆலோசனை சொல்பவர்தான். புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் பல யூனிட்டுகளில் அணி என்பது அணிவகுப்பில் வரிசை பிரிப்பதற்கு மட்டும் பயன்படுகிறது. தலைவி என்பவள் வருகைப் பதிவை எடுத்து டீச்சரிடம் கொடுப்பவளாகவும், சத்தம் போடுகிறவர்களின் பெயரை எழுதி வைப்பவளாகவும் சுருங்கிவிடுகிறாள். வீட்டில் எப்படியோ இங்கேயும் அப்படியே என்று அவள் புரிந்துகொண்டுவிடுகிறாள். அப்படிப்பட்ட யூனிட்டிலிருந்து எத்தனை பேர் விருது வாங்கினாலும், பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதை ஒரு முகாமின் சாப்பாட்டுக் கணக்கைக் கொண்டு விளக்குகிறேன். ஓரிரவு முகாம் என்றால் மாலைத் தேநீர், இரவுச் சாப்பாடு, மறுநாள் காலை உணவு ஆகியவற்றை ஒவ்வோர் அணியும் தனியே சமைத்துக்கொள்ள வேண்டும். முகாமுக்கு முந்தைய வாரம் அணிக்குரிய பணத்தை ஓர் உறையில் போட்டுத் தலைவியிடம் கொடுத்துவிடுவேன். எதைச் சமைப்பது, எங்கே வாங்குவது, யார் எதைக் கொண்டுவருவது என்பதெல்லாம் அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியவை. கஞ்சியும் பயறும் போதும் என்றாள் ஓர் அணித்தலைவி. தக்காளிச் சாதம்தான் வேண்டும் என்றார்கள் சிறியவர்கள். அவள் வீட்டில் ஏழு பேருக்குச் சமைத்துப் பழகியவள். அளவு அவளுக்குக் கைப்பழக்கம். என்னிடம் வந்து, “டீச்சர், எத்தனை படி அரிசி போடட்டும்?” என்று கேட்டாள். “உனக்குத் தெரியாததா? நீங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு விலகிப் போனேன். அவள் அங்கேயே சற்று நேரம் நின்றாள். பிறகு அணியைக் கூட்டி உட்கார வைத்து, மலையேறி வந்தால் பசி கூடுதலாக இருக்கும், குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டும், மிச்சமானால் காலையில் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் இரவுக்குத் தக்காளிச் சாதமும் காலைக்குக் கஞ்சியும் என்று முடித்தார்கள். அரிசியின் அளவு அவளுக்கு முன்பே தெரியும். அதைத் தான் தீர்மானிக்கலாம், தீர்மானிக்கும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்வதையும் கேட்க வேண்டும் என்பதைத்தான் அவள் அன்று பழகினாள். உறையில் மிஞ்சிய பணத்துக்குக் குறிப்பேட்டில் கணக்கு எழுதி, அணியினர் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். கையெழுத்து வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

முகாம் நடத்துவது இந்த மலையில் சுலபமான காரியம் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை விடாது; அந்த மாதங்களில் முடிச்சுகள், முதலுதவி, திசைகாட்டி, விசில் சைகைகள் போன்று கூரைக்குக் கீழே செய்யக்கூடியவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஜனவரியில் புல்மீது உறைபனி படிகிற இடங்களும் உண்டு. காட்டு யானைகள் லயத்துக்கு அருகிலேயே வந்து போகிற பகுதிகளில் திறந்தவெளிக் கூடாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே எங்கள் முகாம்கள் பெரும்பாலும் பள்ளி வளாகத்துக்குள், வகுப்பறையில் படுக்கை, மைதானத்தில் சமையல் என்றுதான் நடக்கின்றன. நடைப்பயணத்துக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவோம். கேரள வனத்துறை மாணவர்களுக்காக நடத்தும் இயற்கை முகாம்களும் உண்டு. மறையூருக்கு அப்பால் உடுமலைப்பேட்டைச் சாலையில் இருக்கும் சின்னாறு சரணாலயம், மூணாற்றின் ஈரத்துக்கு நேர்மாறான மழைமறைவுப் பகுதி என்பதால், ஒரே தாலுகாவுக்குள் காடு இப்படியும் மாறுமா என்று எங்கள் பிள்ளைகள் வியந்து பார்க்கும் இடம். விறகு மட்டும் எங்களுக்குக் குறைவதில்லை. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது வெட்டிப் போடும் கிளைகள் உலர்ந்தால் நின்று எரியும். எந்தக் கிளை உள்ளுக்குள் ஈரமாக இருக்கிறது என்பதை உடைக்கும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் பிள்ளைகள் எங்கள் யூனிட்டில் இருக்கிறார்கள். அடுப்பு மூட்டுவதில் மாவட்ட அளவில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று பெருமையாகவே சொல்வேன்.

வானிலையையும் யானையையும்விடக் கடினமானது வீட்டுச் சம்மதம். அணித்தலைவியாகும் வயதில்தான் பெண்ணை இரவில் வெளியே அனுப்ப வீட்டில் தயங்கத் தொடங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் லயங்களுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. “வயசுக்கு வந்த பிள்ளைய ராத்திரி எப்படி டீச்சரம்மா அனுப்புறது?” என்று ஒரு பாட்டி கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதைப் பழமைவாதம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கே படுப்பார்கள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் எத்தனை ஆசிரியைகள் கூட இருப்பார்கள், மாதவிலக்கு வந்தால் துணியோ பேடோ எங்கே மாற்றிக்கொள்வாள், எங்கே போடுவாள், உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஜீப் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் கேப்டனிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். முகாமில் எப்போதும் இரண்டு பெண் பெரியவர்களாவது இருப்பதும், எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக இருக்க நேராமல் பார்த்துக்கொள்வதும், பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கையில் இருப்பதும் நாங்கள் விட்டுக்கொடுக்காத விதிகள். இவற்றோடு, விருப்பமுள்ள அம்மாக்கள் வந்து இரவு தங்கலாம் என்று அழைத்தோம். வந்தவர்கள் சமையலில் கை வைக்கக் கூடாது என்று அணித்தலைவியர் முன்கூட்டியே நிபந்தனை விதித்தார்கள். தன் மகள் பிறருக்கு வேலை பிரித்துக் கொடுத்து, சிணுங்குகிற சிறியவளைச் சமாதானம் செய்து, அடுப்பைத் தணித்து, சாதத்தை இறக்குவதை ஓர் அம்மா தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு அவரே மற்ற வீடுகளுக்கு எனக்கு முன்னால் போய்ப் பேசினார்.

அந்த அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து இந்த மலையின் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாற்றுச் சாலையில் திரண்டு உட்கார்ந்தார்கள். ஆண்கள் தலைமையில் இயங்கிய தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்து, தாங்களே பேசி, தாங்களே முடிவெடுத்து, 20 சதவீதத்தைப் பெற்றுத் திரும்பினார்கள். அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள்தான் இப்போது எங்கள் யூனிட்டில் முக்கோணக் கட்டு போடப் பழகுகிறார்கள். தலைமை என்பது எங்கோ மேலிருந்து வந்து இறங்குவது என்று இந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

இனி நிகழ்ச்சிகள். ஜூனில் புதியவர்களைச் சேர்ப்பது, மூன்று விரல் வணக்கமும் இடக்கைக் குலுக்கலும் பழக்கி உறுதிமொழி ஏற்கச் செய்வது, ஓணம் விடுமுறைக்கு முன்னோ பின்னோ ஒரு நடைப்பயணம், நவம்பர் 7 அன்று கொடி நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் முகாம், பிப்ரவரி 22 அன்று சிந்தனை நாள் என்று ஆண்டு ஓடிவிடும். பேடன் பவல், அவர் மனைவி ஒலேவ் இருவருக்கும் பிறந்த நாள் அதுதான். 1926 முதல் உலகெங்கும் சாரணியர்கள் அன்று ஒருவரையொருவர் நினைத்துக்கொள்கிறார்கள். மார்ச் தேர்வுக்கு முந்தைய நெருக்கடியில் வரும் நாள் என்பதால் பல பள்ளிகளில் அது ஓர் உரையோடு முடிந்துவிடுகிறது. எங்கள் தலைவியர் அதை வேறு விதமாக வைத்துக்கொண்டார்கள்: ஒவ்வோர் அணியும் ஒரு நாட்டுச் சாரணியரைப் பற்றிப் படித்து வந்து சொல்ல வேண்டும். அப்படித்தான் புனேயில் இருக்கும் சங்கம் என்ற உலக மையம் 1966 முதல் இயங்குவதும், இத்தகைய மையங்கள் சுவிட்சர்லாந்திலும் மெக்சிகோவிலும் இங்கிலாந்திலும் இருப்பதும் லயத்து வீடுகள்வரை போய்ச் சேர்ந்தது. புனேவுக்கு எந்த ரயில் போகிறது என்று ஒரு பிள்ளை ஆலுவா ரயில் நிலைய அட்டவணையைத் தேடி எடுத்து வந்திருந்தாள்.

பெரிய திரள்களைப் பற்றி எனக்கு இரண்டு எண்ணங்கள் உண்டு. 2023 ஜனவரியில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் ஜம்போரி எனப்படும் பெருந்திரள் முகாம் தேசிய அளவில் நடந்தது. 2025 இல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை, இயக்கத்தின் வைர விழா ஜம்போரி திருச்சிக்கு அருகே மணப்பாறையில் நடந்தது. பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் கூடாரமடித்துத் தங்கி, அணிவகுத்து, தத்தம் மாநிலத்தின் ஆட்டமும் உணவும் காட்டும் அந்த அனுபவத்துக்கு இணையில்லை. எல்லைப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் கூடுதலாக ஒன்றும் இருக்கிறது. கேரளத்தின் சீருடைப் பட்டையோடு கேரளத்தின் சார்பில் நிற்கிறவள், கலை நிகழ்ச்சியில் கும்மியடிக்கலாமா, திருவாதிரைக்களிதான் ஆட வேண்டுமா என்ற கேள்வி மாவட்ட அளவிலேயே எங்களுக்கு எழுந்தது. கோர்ட் ஆஃப் ஹானரில் நீண்ட நேரம் பேசி, இரண்டையும் ஆடுவது என்று முடிவு செய்தார்கள்; மலையாளவழிப் பிரிவுப் பிள்ளைகள் கும்மியையும், எங்கள் பிள்ளைகள் திருவாதிரைக்களியையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். இது ஓர் எண்ணம். மற்றொன்று, யூனிட் முழுவதையும் விட்டுவிட்டு, ஜம்போரிக்குத் தேர்வாகக்கூடிய ஓரிருவரை மட்டும் ஆண்டு முழுக்கத் தயார் செய்யும் போக்கு. அது வேண்டாம். நன்றாக இயங்கும் அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பாக ஜம்போரி இருக்கலாம். ஜம்போரிக்காக அணியைக் கலைத்துப் போடுவதை நான் ஏற்பதில்லை.

கிரேஸ் மார்க் விஷயமும் இதை ஒட்டியதுதான். பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று படிப்படியாக ஏறி மாநில விருதான ராஜ்ய புரஸ்காரில் தேர்ச்சி பெற்றால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கூடுதல் மதிப்பெண் உண்டு என்பதால், எட்டாம் வகுப்பு வந்ததும் பெற்றோரே பிள்ளையை அழைத்து வருகிறார்கள். கேரளப் பள்ளிகளில் என்.சி.சி., ஜூனியர் ரெட் கிராஸ், 2010 இல் தொடங்கிய ஸ்டூடன்ட் போலீஸ் கேடட் திட்டம், லிட்டில் கைட்ஸ் (KITEs) என்ற கணினிக் குழு என்று ஒரே பிள்ளையை அழைக்கும் அமைப்புகள் பல. மதிப்பெண்ணுக்காக வருகிறவளை நான் திருப்பி அனுப்புவதில்லை. தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம் என்பதை நான் அறிவேன். ஆனால் தேர்வு நெருங்கும்போது ரெக்கார்டு நோட்டை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி நிரப்பும் வேலைக்கு இடம் தருவதில்லை. ஒன்பது கூறுகள் கொண்ட சாரணியர் நெறியில் முதலாவது நம்பகம். அந்த நெறியை எழுதியிருக்கும் நோட்டையே பொய்யாக நிரப்பச் செய்தால், பிறகு அந்தப் பெண்ணிடம் எதைச் சொல்வது?

முதலுதவியும் தயார்நிலையும் இந்த மலையில் வெறும் பாடமாக இருக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. அதன் பிறகு “எப்போதும் தயாராக இரு” என்ற குறிக்கோளை அணிவகுப்பில் சொல்லும்போது எங்கள் பிள்ளைகளின் குரலே மாறிவிட்டது. அப்படியொரு பேரிடரைச் சிறுமிகள் தடுத்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாரத்தை அவர்கள்மீது ஏற்றவும் கூடாது. ஆனால் அவர்களால் செய்யக்கூடியவை இருந்தன. ஒவ்வோர் அணியும் தான் வசிக்கும் தோட்டப் பிரிவான டிவிஷனின் வரைபடத்தைத் தானே தயாரிப்பது என்று தலைவியர் முடிவு செய்தார்கள். திசைகாட்டியும் காலடிக் கணக்கும் வைத்து லய வரிசைகள், ஓடை, கல்வர்ட், மஸ்டர் கொட்டகை, பிள்ளைக் காப்பகம், ஜீப் வைத்திருப்பவர் வீடு, எஸ்டேட் மருத்துவமனைக்குச் செல்லும் வழி, மழை மிகுந்தால் நகர வேண்டிய மேட்டுப் பகுதி என்று குறித்தார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் குறிக்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “டீச்சர், இது சுவத்துல ஒட்டுற படம். யார் வீட்டுல யாரு முழுகாம இருக்காங்கன்னு எல்லாரும் பாக்குற மாதிரி எழுதலாமா?” என்று கேட்டாள். எனக்குத் தோன்றாத கேள்வி அது. அந்த விவரங்கள் தலைவியின் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும் என்றும், மாதந்தோறும் வீட்டுக்குப் போய்க் கேட்டு அவற்றைத் திருத்த வேண்டும் என்றும் முடிவாயிற்று.

தூக்குப் படுக்கை செய்வதையும் அப்போதுதான் முழு மனத்தோடு பழகினார்கள். தோட்டத்து வீடுகளில் கம்பளி இல்லாத வீடு கிடையாது. கம்பளியை விரித்து, மூன்றில் ஒரு பங்கு அளவில் முதல் கழியை வைத்து, துணியை அதன் மேல் மடித்து, மடித்த துணியின் மேல் இரண்டாவது கழியை வைத்து, மீதியை மறுபக்கமாக மடித்துப் போட வேண்டும். முடிச்சு எதுவும் தேவையில்லை. படுக்கிறவருடைய எடையே மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் மண் நிரப்பிய சாக்கையும், பிறகு அணியிலேயே எடை குறைந்தவளையும், கடைசியில் என்னையும் படுக்க வைத்து, நனைந்த படிக்கட்டில் நால்வர் கால்மாற்றி நடந்து இறங்கினார்கள். நால்வரும் ஒரே காலை முன்வைத்தால் படுக்கை ஊசலாடும், காயம்பட்டவருக்கு வலி கூடும். “எடக்கால்… இப்ப நீங்க வலக்கால்” என்று குரல் கொடுத்தவள் அணித்தலைவி. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கவே கூச்சப்படுகிற பெண் அவள்.

இவ்வளவையும் பிள்ளைகள் கையில் விட்டுவிட்டுக் கேப்டன் என்ன செய்கிறார் என்று கேட்கலாம். அவருக்கு இருப்பது கடினமான வேலை: கத்தி, நெருப்பு, நீர், இருட்டு ஆகியவற்றில் ஆபத்தை முன்கூட்டியே பார்த்துத் தடுப்பது, மற்ற எல்லாவற்றிலும் பேசாமல் இருப்பது. சாதம் கொஞ்சம் குழைந்தால் குழையட்டும். சதுரக் கட்டில் மூன்று சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்று சுற்றித் தட்டு வைக்கும் தாங்கி சாய்ந்தால், ஏன் சாய்ந்தது என்பதை அணியே கண்டுபிடிக்கட்டும். ஓடிப்போய்ச் சரிசெய்யத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்வதற்கு ஆசிரியைகளாகிய நமக்குப் பயிற்சி தேவைப்படுகிறது.

நல்லவேளையாக, இயக்கம் அந்தப் பயிற்சியையும் தருகிறது. அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி, அதற்கப்பால் ஹிமாலயா உட் பேட்ஜ் என்று கேப்டன்களுக்குப் படிகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் தேசியப் பயிற்சி மையம் இருக்கிறது; கீழ்ப்படிகள் மாநிலத்துக்குள்ளேயே நடக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் தங்கிப் பயில வேண்டும். அங்கே நாற்பதைக் கடந்த ஆசிரியைகளும் அணிகளாகப் பிரிக்கப்பட்டு, அணிப் பெயர், அணிக் கொடி, அணி முழக்கம் எல்லாம் பெற்று, முறை வைத்துத் தலைவியாகி, விறகு சேகரித்து, கழிப்பறை கழுவி, நெருப்பைச் சுற்றி அமர்ந்து பாடி, பிள்ளைகளைப் போலவே வாழ்கிறார்கள். தன் வீட்டிலும் பள்ளியிலும் எத்தனையோ சுமை சுமந்தும், கருத்து கேட்கப்படாத பெண்கள் அவர்களிலும் உண்டு. வரிசைப்படி தலைவியாக வேண்டிய நாளில், “எனக்கு வேண்டாம் டீச்சர், நீங்களே செய்யுங்க” என்று ஒதுங்கிய ஒரு சக ஆசிரியை, அந்த வாரம் முடிவதற்குள் அணிக் கூட்டத்தில் மற்றவர்களோடு வாதாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அணி முறையைத் தன் உடம்பால் வாழ்ந்து பார்க்காத ஒருவர் அதைப் பிள்ளைகளுக்கு வழங்குவது அரிது. எனவே பயிற்சிக்குப் போவதைச் சலுகையாகப் பார்க்காமல், பள்ளி நிர்வாகங்கள் ஆசிரியைக்குப் பணிநாளாக அதை மனமுவந்து ஒதுக்க வேண்டும். வீட்டில் அந்த வாரம் சமையலையும் குழந்தைகளையும் மற்றவர்கள் ஏற்க வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்ற பலர் பயிற்சிக்குப் போகாமலே ஆண்டுகளைக் கடத்துவதற்குக் காரணம் ஆர்வமின்மை என்று நான் நினைக்கவில்லை. அந்த ஏழு நாள் வீட்டை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் காரணம்.

கேப்டன்கள் தங்களுக்குள் கூடுவதும் குறைவு. தேர்வுக்கும் பேரணிக்கும் பிள்ளைகளை அழைத்து வரும்போது சந்திக்கிறோம், பட்டியல் சரிபார்க்கிறோம், ஜீப்புக்கு நேரமாகிவிடுகிறது. உள்ளூர்ச் சங்க அளவில் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது பிள்ளைகள் இல்லாமல் கேப்டன்கள் மட்டும் கூடி, தங்கள் யூனிட்டில் எந்த முடிவுகளைப் பிள்ளைகளிடம் விட்டோம், எதை விடத் தயங்கினோம், ஏன் என்று பேசிக்கொள்ள வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் பிள்ளைகளில் பலர் மலையிறங்கிவிடுகிறார்கள். போடி, தேனி, உடுமலைப்பேட்டை, திருநெல்வேலி என்று உறவினர் இருக்கும் ஊர்களுக்குப் படிக்கப் போகிறார்கள். திரிசாரணியர் யூனிட் உள்ள கல்லூரி என்றால் அங்கே சேர்ந்துகொள்ளச் சொல்லிக் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். அப்படிப் போனவர்களில் இருவர் இந்த ஆண்டு முகாமுக்குத் துணையாளர்களாக வர விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்கு நீலப்பறவையர் பிரிவு ஒன்று தொடங்க வேண்டும், அதற்கு முகாமில் ஒரு பகல் பொழுதை ஒதுக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய யோசனைதான். முகாம் எந்த நாளில், துணையாளர்களுக்கு எந்தப் பொறுப்பு, சிறியவர்களுக்கு எந்த அணி விருந்தளிப்பது என்பதை வரும் வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் அணித்தலைவியர் கூடித் தீர்மானிக்கிறார்கள்.